நிக்கிற வண்டிக்கும் தீனி

மின்சார வண்டி வாங்கின நாள்ல இருந்து, பார்க்கிறவங்க எல்லாரும் எங்கிட்ட ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்ங்க?" டீக்கடையிலயும் அதே கேள்வி, கல்யாண வீட்டுலயும் அதே கேள்வி, கோயமுத்தூர்ல இருந்து வர்ற ஒறம்பரையும் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதையேதான் கேக்குறாங்க. கேக்க வேண்டிய இன்னொரு கேள்வியை மட்டும் இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க. "ஓட்டாம நிறுத்தி வெச்சா எத்தனை நாள் தாங்கும்?"

இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுறேன். டவுன்ல மின்சாரக் கார் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். லீவுக்கு ஒரு மாசம் ஊருக்கோ, பேரன் பேத்தியைப் பார்க்க அமெரிக்காவுக்கோ போறப்ப காரை அபார்ட்மென்ட்டுக்கு அடியில நிறுத்திட்டுப் போறீங்க இல்லைங்களா, அவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க தோட்டம் சத்தியமங்கலத்துப் பக்கம். மல்லிதான் எங்களுக்குச் சோறு. கூடவே கொஞ்சம் சம்பங்கி, வரப்போரமா செண்டுமல்லி. மல்லியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பூவா விரிஞ்சப்புறம் அதுக்கு மதிப்பு இல்லை. மொக்கா இருக்கறப்பவே பறிச்சு, மொக்காவே மார்க்கெட் சேரணும். அதனால வெடியால மூணு மணிக்கெல்லாம் பொம்பளைங்க தலையில டார்ச் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள இறங்கிருவாங்க. பொழுது கிளம்பறதுக்குள்ள முக்கால்வாசி பறிச்சாகணும். அங்கிருந்து 22 கிலோமீட்டர் போய் மார்க்கெட்ல ஏலத்துக்கு வெக்கணும். கேரளாவுக்கும் மைசூருக்கும் பெங்களூருக்கும் அனுப்புற வியாபாரிங்க வண்டி கிளம்பற வரைக்கும்தான் நல்ல விலை. அவங்க போனப்புறம் அதே பூ, அதே மணம், விலை மட்டும் வேற.

அதுக்காகத்தான் மின்சார மினி லாரி வாங்கினது. எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் எங்கூருக்காரங்களுக்கு அந்த அளவு வண்டி எல்லாமே குட்டியானைதான். தினமும் ஒரே ரோடு, ஒரே தூரம், பொழுதோட வீட்டுக்கு வந்து நிக்கிற வேலை. டீசல் கணக்கையும் கரண்ட் கணக்கையும் போட்டுப் பார்த்தா மின்சார வண்டிக்குத்தான் இந்த மாதிரி வேலை சரியா வருது. என் வண்டியில பக்கத்து மூணு தோட்டத்துப் பூவும் சேர்ந்து போகும்.

மாசியில இருந்து வண்டிக்கு ஓய்வே கிடையாது. ஆனா மார்கழி வந்துட்டா கதை மாறிரும். பனி விழுந்தா மல்லி மொக்கு விடாது. நாளுக்கு ரெண்டு கிலோ, மூணு கிலோன்னு வர்ற பூவுக்குக் குட்டியானை எதுக்கு? கூடையை டிவிஎஸ் எக்ஸெல்ல கட்டிக்கிட்டுப் போயிருவோம். வண்டி சாளையில நிக்கும். பெரிய பேட்டரியில முக்கால்வாசி சார்ஜ் இருக்கும். அது அப்படியே இருக்கும்னுதான் எல்லாருமே நினைப்பாங்க. விக்கிற இடத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க, "நிறுத்தி வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க, சார்ஜ் இறங்கவே இறங்காது"ன்னு. பெரிய பேட்டரியைப் பொறுத்தவரைக்கும் அது உண்மையும்கூட.

போன வருஷம் தை முதல் முகூர்த்தம். மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லாம இருந்து தை பிறந்ததும் வர்ற முதல் முகூர்த்தத்துக்குப் பூ விலை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், முழம் வாங்கறப்ப திட்டிக்கிட்டே வாங்கியிருப்பீங்க. மல்லி கம்மிதான், ஆனா நாலு தோட்டத்துச் சம்பங்கியும் செண்டுமல்லியும் மூட்டை மூட்டையா வந்திருச்சு. 18 நாளா நின்ன வண்டிகிட்டப் போய்ச் சாவி பட்டனை அமுத்தினா, சத்தமே இல்லை. கதவுல லைட் வரலை. சாவியை நுழைச்சுக் கதவைத் திறந்து உள்ளே உக்காந்தா டேஷ்போர்டு இருட்டு. சார்ஜர் ஒயரைக் கொண்டாந்து மாட்டிப் பார்த்தா அதுவும் ஏறலை. உதவி நம்பருக்குப் போன் போட்டா, இழுத்துட்டுப் போக நாளைக்குத்தான் வண்டி அனுப்ப முடியும்னாங்க.

வெளிய மூட்டைங்க. அது பக்கத்துல கீழத்தோட்டத்து அக்கா. அவங்களுக்கு இருக்கிறது 25 சென்ட் மல்லி. அன்னிக்கு அவங்க கூடையில ரெண்டேகால் கிலோ மொக்கு. சீட்டுக் கட்ட வேண்டிய நாள் வேற.

கடைசியில வழி சொன்னது டவுன்ல பேட்டரிக் கடை வெச்சிருக்கிற அண்ணன்தான். தூக்கத்துல இருந்து எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல டிராக்டர் இருக்குதுங்களா?" எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. டிராக்டர் வெச்சு மின்சார வண்டியை என்ன பண்றது? அவர் சொன்னபடி பங்காளி வீட்டு டிராக்டரைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தி, ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல தடிமனான கேபிள் கொடுத்தோம். சாவியைத் திருப்பினதும் டேஷ்போர்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. பெரிய பேட்டரியில 71 சதவீதம் சார்ஜ் காட்டுது! அத்தனை மின்சாரத்தையும் வயித்துல வெச்சுக்கிட்டு வண்டி பட்டினியில மயங்கிக் கிடந்திருக்குது.

ஒன்றரை மணி நேரம் தாமதமா மார்க்கெட் சேர்ந்தோம். மல்லிக்குக் கிலோவுக்கு அறநூறு ரூபாய் இறங்கிருச்சு. அக்காவுக்கு மட்டும் 1,350 ரூபாய் நஷ்டம். நான் அந்தப் பணத்தை நீட்டினேன், வாங்கலை. "வண்டிக்குத் தூக்கம் வந்திருச்சாட்டிருக்குது, நீ என்ன தம்பி பண்ணுவே"ன்னு சொல்லிட்டுக் கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்குச் சாயந்திரம் பேட்டரிக் கடை அண்ணன் வண்டியைத் திறந்து காட்டி விளக்கினாரு. அதை எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன்.

மின்சார வண்டியில ரெண்டு பேட்டரி இருக்குதுங்க. ஒண்ணு எல்லாரும் பேசுற பெரிய பேட்டரி. என் வண்டியில அது இருபது யூனிட்டுக்கு மேல பிடிக்கும். இன்னொண்ணு, சாதாரணக் காருல இருக்கிற மாதிரியே 12 வோல்ட் சின்ன பேட்டரி. என் வண்டியில இருக்கிறது 35 ஆம்பியர் அவர். 12-ஐயும் 35-ஐயும் பெருக்கினா 420 வாட் அவர், அதாவது அரை யூனிட்டுக்கும் கம்மி. பெரியதுல அம்பதுல ஒரு பங்குகூட வராது.

ஆனா வண்டியை எழுப்புறது இந்தச் சின்னதுதான். வண்டியை அணைச்சதும் பெரிய பேட்டரிக்கும் மத்த பாகங்களுக்கும் இருக்கிற தொடர்பைத் துண்டிச்சிருவாங்க, பாதுகாப்புக்காக. நூத்துக்கணக்கான வோல்ட் ஓடுற ஒயர் சும்மா நிக்கிற வண்டியில உயிரோட இருக்கக் கூடாது பாருங்க. அந்தத் தொடர்பைத் திரும்பச் சேர்க்கிறதுக்கு உள்ளே கான்டாக்டர்னு ஒண்ணு இருக்குது. அதோட காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிறது 12 வோல்ட் பேட்டரி.

கிணத்து மோட்டார் வெச்சிருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒரு சின்னக் காயில் இருக்கும். பச்சை பட்டனை அமுத்தினா அந்தக் காயில் காந்தமாகி, பெரிய கான்டாக்டை இழுத்துப் பிடிக்கும், மோட்டார் ஓடும். காயில் எரிஞ்சு போச்சுன்னா மூணு பேஸும் வாசல் வரைக்கும் வந்து நின்னாலும் ஏழரை எச்.பி. மோட்டார் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்காது. மின்சார வண்டியிலயும் அதே கதைதான். சார்ஜர் மாட்டினப்ப ஏறாததுக்கும் இதுதான் காரணம். சார்ஜ் வாங்கறதுக்கும் கான்டாக்டர் மூடணும், சார்ஜரோட பேசுற கம்ப்யூட்டர் முழிச்சிருக்கணும். ரெண்டுக்கும் 12 வோல்ட் வேணும்.

சரி, எதுக்கு இன்னும் இந்தப் பழைய பேட்டரி? ஈயமும் ஆசிடும் வெச்ச பேட்டரியை பிரான்ஸ்ல காஸ்டன் பிளாண்டேங்கிறவர் கண்டுபிடிச்சது 1859-ல. காரைக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணின காலம் போய், 1912-ல காடிலாக் காருல மின்சார ஸ்டார்ட்டர் வந்தப்புறம், பேட்டரியோட முக்கிய வேலை இன்ஜினைச் சுத்திவிடறதுன்னு ஆச்சு. மின்சார வண்டியில சுத்திவிட இன்ஜினே இல்லை. ஆனா ஹாரன், வைப்பர், லைட், பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாமே 12 வோல்ட்டுக்குன்னு உலகம் முழுக்கச் செஞ்சு பழகிட்டாங்க. அதனால அது ஒட்டிக்கிட்டே வருது. டெஸ்லா 2023 கடைசியில கைமாத்த ஆரம்பிச்ச சைபர்டிரக்ல 12-ஐ விட்டுட்டு 48 வோல்ட்டுக்குப் போயிருக்காங்க. அங்கயும் பெரியதை எழுப்பச் சின்னது ஒண்ணு வேணும்ங்கிறது மாறலை.

வண்டி ஓடறப்ப சின்ன பேட்டரிக்குக் கவலை இல்லை. டீசல் வண்டியில ஆல்டர்னேட்டர் செய்ற வேலையை இதுல டிசி-டிசி கன்வெர்ட்டர்ங்கிற பெட்டி செய்யும். பெரிய பேட்டரியில இருந்து எடுத்து, வோல்ட்டேஜைக் குறைச்சுச் சின்னதுக்கு ஊட்டும். பெரும்பாலான வண்டியில பெரியதுக்குச் சார்ஜ் ஏறறப்பவும் சின்னதுக்கும் ஏறும். சில வண்டிங்க நிக்கிறப்பவே தானா எழுந்து சின்னதை நிரப்பிக்கும். எல்லா வண்டியிலயும் அந்த வசதி கிடையாது, என் வண்டியில இல்லை.

இப்ப நிறுத்தி வெச்ச நேரத்துக்கு வருவோம். வண்டி நிக்குதே தவிர முழுசாத் தூங்கலை. சாவி பக்கத்துல வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். போன் ஆப்புக்குத் தகவல் அனுப்புற சிம் பெட்டி முழிச்சிருக்கும். திருட்டு அலாரம், கடிகாரம்னு ஆளாளுக்குக் கொஞ்சம் குடிப்பாங்க. எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியர்னு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 15 நாளைக்கு 18. என் பேட்டரியே 35 தான், அப்ப 15 நாள்ல பாதி காலி. பேட்டரி ரெண்டு மூணு வருஷப் பழசா இருந்தா 35-ம் இருக்காது, இன்னும் சீக்கிரம் இறங்கிரும். வெயில் காலத்துல பேட்டரி தன்னாலயும் வேகமா இறங்கும்.

இறங்கினா என்ன, திரும்ப ஏத்திக்கலாம்னு தோணும். அங்கதான் சிக்கல். ஈய பேட்டரி காலியா கிடந்தா உள்ளே தகட்டு மேல ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் பண்ணினா கரைஞ்சிரும். வாரக்கணக்குல விட்டா அது கல்லு மாதிரி இறுகிரும், அப்புறம் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரி சுருங்கிப் போச்சுன்னு அர்த்தம். ரெண்டு மூணு தடவை இப்படி நடந்தா புதுசுதான் வாங்கணும்.

இதுக்கு மருந்துதான் டிரிக்கிள் சார்ஜர். சொட்டு நீர்ப் பாசனம் மாதிரின்னு சொன்னா உங்களுக்கும் புரியும், எங்களுக்கும் புரியும். வாய்க்கால்ல மடை திறந்து விடாம, குடிக்கிற அளவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டா விடறது. ஆனா அதுலயும் ரெண்டு ஜாதி இருக்குது, பார்த்து வாங்கணும்.

பழைய மாதிரி டிரிக்கிள் சார்ஜர் நிறைஞ்சாலும் நிறுத்தாது, விட்டுக்கிட்டே இருக்கும். ஒரு ராத்திரிக்குச் சரி. மாசக்கணக்குல மாட்டி வெச்சா பேட்டரித் தண்ணி கொதிச்சு வத்திப் போகும், தகடு கெட்டுரும். இப்ப வர்ற தானியங்கி வகையைத்தான் வாங்கணும். மெயின்டெய்னர்னு கேட்டாலும் கொடுப்பாங்க. அது முதல்ல 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்தி நிரப்பும், அப்புறம் 13.5 வோல்ட்டை ஒட்டி இறக்கி, அந்த மட்டத்துலயே பிடிச்சு வெச்சுக்கும். 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு ஒரு ஆம்பியர் சார்ஜர் தாராளம். நான் வாங்கினது ரெண்டாயிரத்துச் சில்லறை. பேட்டரி நிறைஞ்சப்புறம் அது இழுக்கிறது சில வாட்தான். 5 வாட்னு வெச்சாலும் ஒரு மாசம் பூரா மாட்டி வெச்சா நாலு யூனிட்டுகூட ஆகாது.

நான் செய்ற முறையைச் சொல்றேன்.

முதல்ல பேட்டரி என்ன வகைன்னு மேல ஒட்டியிருக்கிறதைப் படிச்சுக்கோங்க. சாதாரணத் தண்ணி ஊத்துற வகையா, ஏ.ஜி.எம். வகையா, இல்லை லித்தியமா? சில புது வண்டிங்கள்ல 12 வோல்ட்டும் லித்தியமா வருது. ஈய பேட்டரி சார்ஜரை அதுல மாட்டக் கூடாது. வண்டியோட கையேட்டுல என்ன சொல்லியிருக்குதோ அதுதான் கடைசி வார்த்தை.

சிவப்புக் கிளிப்பை பேட்டரியோட பிளஸ்ல மாட்டுவேன். கருப்பை பேட்டரி மைனஸ்ல மாட்டாம, கொஞ்சம் தள்ளி பாடியில பெயின்ட் இல்லாத இரும்புல, எர்த் போல்ட்டுல மாட்டுவேன். நிறைய வண்டியில மைனஸ் முனையில பேட்டரியை அளக்கிற சென்சார் இருக்கும். பாடியில மாட்டினாத்தான் ஏறுற கணக்கு அதுக்குத் தெரியும். ரெண்டும் மாட்டினப்புறம்தான் சுவத்துல சுவிட்ச். கழட்டறப்ப முதல்ல சுவிட்ச், அப்புறம் கருப்பு, கடைசியா சிவப்பு. ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கையே போகக் கூடாது, அது பெரிய பேட்டரியோட வழி.

சார்ஜ் ஏறறப்ப பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு கொஞ்சம் வரும். காத்தோட்டமான இடமா இருக்கணும். எங்க பெரியப்பா பீடியோட சாளைக்குள்ள நுழைஞ்சா, "சித்தெ அக்கட்டால நில்லுங்க பெரியப்பா"ன்னு சொல்லிருவோம். இப்ப அவரே தூரமா நின்னுதான் பத்த வெக்கிறாரு.

சாளைன்னா எலி இருக்கும், எலின்னா ஒயரைக் கடிக்கும். அதனால ஒயரை பிவிசி குழாய்க்குள்ள விட்டிருக்கேன். கோடை மழையில இடி இடிச்சா பிளக்கைப் பிடுங்கிருவேன். கரண்ட் போய் வந்தா சார்ஜர் தானா திரும்ப ஆரம்பிக்குதான்னு வாங்கின அன்னிக்கே பார்த்துக்கோங்க. சிலது பட்டனை அமுத்தற வரைக்கும் சும்மா கிடக்கும். இன்னொண்ணு, கிணத்து மோட்டாருக்கு அரசாங்கம் கொடுக்கிற இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும்தான். இதுக்கு வீட்டு மீட்டர்ல இருந்து தனி ஒயர் இழுத்திருக்கேன். நாலு யூனிட்டுக்காகச் சட்டத்தை மீற வேண்டியதில்லை.

பேட்டரி எப்படி இருக்குதுன்னு பார்க்க ஒரு சின்ன மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழிச்சு அளக்கணும், உடனே அளந்தா பொய் சொல்லும். 12.6-க்கு மேல காட்டினா வயிறு நிறைஞ்சிருக்குது. 12.4-ன்னா முக்கால். 12.2-ன்னா பாதி, உடனே சார்ஜ் போடணும். 12-க்குக் கீழ போயிட்டா அபாயம். ரொம்பக் கீழ போன பேட்டரியை இந்தத் தானியங்கி சார்ஜர் சிலது ஏத்துக்கவே ஏத்துக்காது.

ஒருவேளை படுத்துருச்சுன்னா, அன்னிக்கு நாங்க செஞ்ச மாதிரி இன்னொரு 12 வோல்ட் பேட்டரியில இருந்து கேபிள் கொடுத்து எழுப்பலாம், கையேட்டுல அனுமதி இருந்தா. இன்ஜினைச் சுத்த வேண்டியதில்லைங்கிறதால கொஞ்சம் கரண்ட் கிடைச்சாலே எழுந்துக்கும். ஆனா பெரிய லாரி, பஸ்ல இருந்து மட்டும் கொடுத்துராதீங்க. அதெல்லாம் 24 வோல்ட், உங்க வண்டி கம்ப்யூட்டர் கருகிப் போகும். அதே மாதிரி உங்க மின்சார வண்டியில இருந்து டீசல் வண்டியை ஸ்டார்ட் பண்ணவும் கொடுக்காதீங்க. இந்தச் சின்ன பேட்டரி அந்தச் சுமைக்கு ஆனது இல்லை.

கோயமுத்தூர்ல படிக்கிற என் பையன், "எதுக்குப்பா சார்ஜர், வாரத்துக்கு ஒருக்கா வண்டியை ஒரு ரவுண்டு விட்டா போதாதா?"ன்னு கேட்டான். கடைக்குப் போய்ட்டு வர்ற பத்து நிமிஷம் பத்தாது. ஈய பேட்டரி முக்கால் வரைக்கும் சீக்கிரம் நிறையும், கடைசிக் கால் பங்கு மணிக்கணக்குல இழுக்கும். அதுக்காக அபார்ட்மென்ட்டுல பிளக் பாயின்ட் இல்லாதவங்க மனசு விட வேண்டாம். நம்பிக்கையான ஒருத்தர்கிட்டச் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருக்கா ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லிட்டுப் போங்க. ஒண்ணுமே செய்யாம இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புச் சாவியால கதவைத் திறக்கவும், பானெட்டைத் திறக்கவும் முன்கூட்டியே பழகி வெச்சுக்கோங்க. பேட்டரி போனப்புறம் பட்டன் எதுவும் வேலை செய்யாது.

இந்த மார்கழியில கீழத்தோட்டத்து அக்கா சாளைப் பக்கம் வந்தாங்க. நிக்கிற வண்டியில ஒயர் மாட்டி, பச்சை லைட் எரியறதைப் பார்த்துட்டு, "ஓடாத வண்டிக்கு எதுக்கு தம்பி கரண்டு?"ன்னாங்க. நான் மேல சொன்னதையெல்லாம் சுருக்கமா சொன்னேன். கான்டாக்டர், சல்பேட் எல்லாம் அவங்களுக்கு வேண்டியிருக்கலை. கட்டுத்தறிப் பக்கம் கையைக் காட்டினாங்க. எங்க மாடு ஒண்ணு சினையா, பால் வத்தி நிக்குது.

"வத்துன மாட்டுக்கும் தீனி போடோணும்ல. இப்பப் போடலைன்னா கன்னு போட்டப்புறம் எங்கிருந்து பால் வரும்? அந்தக் கதைதான?"

அந்தக் கதைதானுங்க்கா, அதேதான்னேன்.

போறப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. "பூப்பறிக்கிற பொம்பளைங்களும் அப்படித்தான் தம்பி. மார்கழியில யாரும் ஏன்னு கேக்கறதில்லை. மாசி பொறந்தா மட்டும் வெடியால மூணு மணிக்கு வான்னு கூப்பிடுவீங்க. அதுக்குள்ள பாதிப்பேரு மில்லு வேலைக்குப் போயிருவாளுங்க."

அதை யோசிச்சுப் பார்த்தேன். எங்க தோட்டத்துல பாதி மல்லிக்குக் கவாத்து வெட்டுவோம், மீதியை மார்கழி தை விலைக்காக விட்டு வெப்போம். கவாத்து, களையெடுப்பு, எரு வெக்கிறது எல்லாத்துக்கும் ஊர்ல காண்ட்ராக்டுக்கு ஆள் கொண்டாந்து ரெண்டு நாள்ல முடிச்சுட்டுப் போறதுதான் இப்ப வழக்கம். செலவும் கம்மி. இந்த வருஷம் அதை எங்க பூப்பறிக்கிற எட்டுப் பேருக்கே பிரிச்சுக் கொடுத்திருக்கேன். வாரத்துக்கு மூணு நாள் வேலை, மாசி வரைக்கும். கவாத்துக் கத்தி பிடிச்சுப் பழகாத ரெண்டு பேருக்கு எங்கம்மா சொல்லிக் கொடுத்தாங்க. காண்ட்ராக்டை விடச் செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகுது, வேலையும் மெதுவாத்தான் நடக்குது. வீட்டுல கணக்கு நோட்டைப் பார்த்துட்டு எங்கூட்டம்மணி ஒரு பார்வை பார்த்தாங்க. மாசியில ஆள் தேடி மூணு ஊர் சுத்தின செலவையும் பக்கத்துலயே எழுதிக் காட்டினேன். நோட்டை மூடி வெச்சுட்டாங்க.

எட்டுப் பேர்ல ஒருத்தர் மில்லுக்குப் போயிட்டாங்க, மீதி ஏழு பேர் இருக்காங்க. வண்டியோட சின்ன பேட்டரி இன்னிக்குக் காலையில 12.7. பனி குறைய ஆரம்பிச்சிருச்சு, கவாத்து வெட்டின செடியில தளிர் விட்டிருக்குது. உங்க வீட்டுல ஏதாவது வண்டி மூணு வாரமா நின்னுக்கிட்டிருந்தா, சாயந்திரம் போய் ஒருக்கா அளந்து பாருங்க.